தங்கூசியால் அளந்த அச்சு

ஜீப்பின் சில்லு போன தடத்திலேயே ட்ரெய்லரின் சில்லும் வர வேண்டும். நேராக ஓடுகிற வண்டிக்கு அதுதான் அடையாளம். புல்மோட்டையில் ஒருவருடைய வள்ளத்தை இறக்கிக் கொடுத்துவிட்டுக் கரையில் நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தபோது, வந்த வழியின் ஈர மணலைப் பார்த்தேன். இரண்டு கோடு கிடக்க வேண்டிய இடத்தில் நாலு கோடு கிடந்தது. ஜீப்பின் கோடுகள் நேராக இருந்தன. மற்ற இரண்டும் அவற்றை விட்டு ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி, வேறு யாரோ ஒருவருடைய வண்டி வந்துபோன மாதிரிக் கிடந்தன. சோடாவை அரைவாசியில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். என் ட்ரெய்லர் நண்டு மாதிரி நடந்து வந்திருக்கிறது.

வள்ளம் ஏற்றி இறக்குவதுதான் என் தொழில். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. சீனன்குடாவுக்குப் பக்கத்தில் வீடு. முற்றத்தில் நின்றால் குடாத் தண்ணீர் தெரியும். கடலில் ஓடுகிற வள்ளத்துக்குத் தரையில் போக வேண்டிய தேவையும் அடிக்கடி வரும். அடிப்பக்கம் வெடித்தால் பழுது பார்க்க, விற்றால் வாங்கியவரின் கரையில் சேர்க்க, மாரி வந்தால் வெளிக்கரையிலிருந்து உள்துறைமுகப் பக்கம் கொண்டுவந்து வைக்க, என்னைக் கூப்பிடுவார்கள். பழைய ஜீப் ஒன்று, அதன் பின்னால் கொழுவுகிற ட்ரெய்லர் ஒன்று, இவற்றால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. மாதா தந்த பிழைப்பு என்று நானும் மனிசியும் நம்புகிறோம். காலையில் ஜீப்பைக் கிளப்ப முதல் சிலுவை போடாமல் நான் சாவியைத் தொடுவதில்லை.

ட்ரெய்லர் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இரும்புச் சட்டம் ஒன்று, அதன் கீழே குறுக்காக ஓர் அச்சு, அச்சின் இரண்டு முனையிலும் சில்லு. சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங். லொறிகளின் கீழே பார்த்திருப்பீர்கள், இரும்புத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வில்லுப்போல வளைத்திருக்கும், அதுதான். அந்த அடுக்கை அச்சின்மேல் இருத்தி, யூ எழுத்தைப்போல வளைந்த போல்ட்டுகளால் இறுக்கியிருக்கும். எல்லாம் தன் தன் இடத்தில் இருந்தால் பின்னால் ஒன்று வருகிறது என்பதே தெரியாது. ஆனால் எங்கள் ட்ரெய்லர்கள் வள்ளத்தை இறக்கவும் ஏற்றவும் அச்சு மூழ்கும்வரை கடலுக்குள் போய் வருபவை. உப்புத் தண்ணீர் எந்த இடுக்கில் புகுந்து என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

இலங்கைத்துறையிலிருந்து தங்கச்சியின் அழைப்பு வந்தது அதே கிழமைதான்.

அவளுடைய மனிசன் நோய் வருத்தத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியது ஒரு பைபர் வள்ளம். ஊரில் இரண்டு பேர் அதைத் தொழிலுக்கு எடுத்துப் போய் அவளுடைய பங்கைக் கொடுத்துவந்தார்கள். அது கல்லில் தட்டி அடிப்பக்கம் நீளத்துக்கு வெடித்துவிட்டது. கடலில் இறக்கினால் தண்ணீர் ஏறும். அங்கேயே வைத்து ஒட்டலாம் என்றால் ஒட்டுகிறவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். ஒட்டியது காய்வதற்கு மழை படாத இடமும் வேண்டும். என் முற்றத்துக் கொட்டில் இருந்தது. ஆனால் மாரி கிட்டிவிட்டது. வாடைக்காற்று எழும்பினால் அந்தப் பக்கத்துக் கடல் கரையைத் தின்னத் தொடங்கும். போன மாரியில் கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தை அலை இழுத்தெடுத்து அடித்து இரண்டாக்கியதை அவள் வாசலில் நின்று பார்த்தவள்.

“அண்ணா, லொறிக்காரர் மணலுக்குள்ள இறங்க மாட்டாங்களாம். நீங்கள் வந்து எடுக்காட்டி இது கடலுக்குத்தான்” என்றாள்.

வாறன் என்று சொன்னேன். எந்த நாள் என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மூதூர் தாண்டிப் போகிற வழியில் சில இடங்களில் ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீரும் வயலும்தான். எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்ட வேண்டும். வெறும் ட்ரெய்லரே ஒரு சாண் இடப்பக்கம் இழுக்கிறது. பாரம் ஏறி வேகமும் சேர்ந்தால் அது ஓரத்து மண்ணில் இறங்கி வள்ளத்தைத் தூக்கி எறிந்துவிடும். புல்மோட்டையிலிருந்து திரும்பி வரும்போது ஒரு மதகின் அருகில் அப்படிப் பின்பக்கம் வீசியதில் மிச்ச வழியை நடைவேகத்தில்தான் ஓட்டினேன். அவளிடம் இருப்பது ஒரேயொரு வள்ளம். கடல் எடுத்தால் கடல்மேல் பழி. நான் ரோட்டில் போட்டு உடைத்தால் அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

ஆகவே இந்த ட்ரெய்லரை நேராக்காமல் அசைவதில்லை, நேராக்கினதும் ஒரு மணித்தியாலமும் பிந்துவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டேன். அன்று பின்னேரம் பூசையிலும் அதைத்தான் கேட்டேன். வள்ளத்தைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. பிழை எங்கே கிடக்கிறது என்று காட்டித் தா, மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றுதான் கேட்டேன்.

காட்டித் தர ஆட்களுக்குக் குறைவில்லை. எங்கள் ஊர் விமானப்படை முகாம் வாசலில் காவலுக்கு நின்ற, தமிழ் கொஞ்சம் பழகிய பொடியன் கையைக் காட்டி மறித்து, “அங்கிள், முன்னால போறது ஒரு ரோட்டு, பின்னால வாறது வேற ரோட்டா?” என்று சிரித்தான். ரயர் கடைக்காரர் ரயரைத் தடவிப் பார்த்து, ஒரு பக்கம் சீவின மாதிரித் தேய்ந்திருக்கிறது, காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறாய் என்றார். காற்றை இரண்டு பக்கமும் சமமாக அடித்தேன். இழுத்தது. ரயரை மாற்று என்றார். மாற்றினேன். அதன் பிறகும் இழுத்தது. புது ரயரின் ஓரமும் சீவத் தொடங்கியது. அச்சு வளைந்துவிட்டது, தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடு என்று சொன்னவரும் உண்டு. ஜீப்பில் கொழுவுகிற கொக்கி தேய்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். கண்ணூறு என்று சொன்னவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர் என்னைவிடப் பழைய ஜீப் வைத்திருப்பவர்.

ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிப்பது என்று தொடங்கினேன். ஜாக்கியில் ஏற்றிச் சில்லைச் சுற்றிப் பார்த்தேன். ஆட்டமில்லை, உள்ளே பெயாரிங் நல்லது. அச்சு வளைந்திருந்தால் இரண்டு சில்லுக்கும் நடுவில் உள்ள தூரம் முன்பக்கம் ஒன்றாகவும் பின்பக்கம் வேறாகவும் இருக்கும். ஒரு தடியை வெட்டிக் குறுக்கே பிடித்துப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் ஒரேயளவாக இருந்தது. வளையவில்லை. அப்படியென்றால் அச்சு நேராக இருந்துகொண்டே குறுக்காக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னால் கொக்கியின் நடுவிலிருந்து அச்சின் வலது முனைக்கும் இடது முனைக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும். கூடக் குறைய இருந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

அளக்க என்னிடம் இருந்த அளவுநாடா துருப்பிடித்து நடுவில் முறிந்திருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் குறைவில்லாத சாமான் ஒன்று இருக்கிறது, தங்கூசி. தூண்டில் போடுகிற அந்த நைலோன் நூல் மெல்லியது, தடித்தது என்று ஒவ்வொரு மொத்தத்திலும் சுருள் சுருளாகக் கிடக்கும். மனிசியைக் கூப்பிட்டேன். அவ அடுப்பை அணைத்துவிட்டு வந்து கொக்கியடியில் குந்தி ஒரு முனையைப் பிடித்தா. நான் வலது பக்கம் அச்சு முனைவரை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு அதே முடிச்சை இடது பக்கம் கொண்டுபோனேன். கொஞ்சம் எட்டாத மாதிரி இருந்தது. இழுத்தேன். எட்டியது.

“சரிதானே?” என்றா அவ.

“சரி. ரெண்டும் ஒண்டுதான்.”

அச்சில் பிழையில்லை என்று அன்றைக்கு முடிவுகட்டினேன். அந்த முடிவுதான் என்னை அலைக்கழித்தது. அச்சு சரி என்றால் வேறு எங்கோதான் பிழை என்று கொக்கியைக் கழற்றி மாற்றினேன். ஸ்பிரிங் முனைகளைத் தாங்குகிற புஷ்களைத் தட்டிப் புதிது போட்டேன். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஜீப்பைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் மணலில் ஓட்டி, இறங்கித் தடத்தைப் பார்ப்பேன். நாலு கோடு. திரும்பி வருவேன். மனிசி வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடுவா. இதற்கிடையில் தங்கச்சி மறுபடி போன் எடுத்தாள். தண்ணீர் இப்போது வள்ளத்தடிக்கு வந்து போகிறதாம். ஊர்ப் பொடியன்கள் இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துத் தென்னையில் கயிறு போட்டிருக்கிறார்களாம். அந்தத் தென்னையின் வேரும் வெளியே தெரிகிறதாம். இம்முறை அவள் எந்த நாள் என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த நாள் கறிக்கு ஏதாவது படுமா என்று துறையடிக்குத் தூண்டில் கொண்டு போனேன். மனம் முழுக்க ட்ரெய்லரில்தான் கிடந்தது. தூண்டில் அடியில் ஒரு கல்லில் கொழுவிக்கொண்டது. அறுந்துவிடக் கூடாதே என்று மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு பின்னுக்கு நடந்தேன். ஓர் எட்டு வைத்தேன். இன்னோர் எட்டு வைத்தேன். நூல் கையில் இறுகுகிறது, நான் பின்னுக்குப் போகிறேன், ஆனால் தூண்டில் கல்லை விட்டு அசையவில்லை. அப்படியென்றால் நான் நடந்த அந்த இரண்டு எட்டும் எங்கே போனது?

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். தங்கூசி இழுபடும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? சின்ன வயதிலிருந்து கையில் பிடிக்கிற நூல். மீன் அடித்தால் அறாமல் தாங்குவதே அந்த இழுவையால்தான். எட்டாவிட்டால் இழு என்பது எங்கள் கைக்குப் பழகிய குணம். முற்றத்திலும் அதைத்தான் செய்தேன். அளக்கப் போன இடத்தில் மீன் பிடித்திருக்கிறேன்.

நூலை வெட்டிக் கல்லுக்கே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் உடுப்புக் காயப்போடுகிற கொடி, நல்ல தடித்த கம்பி. அதை அவிழ்க்கத் தொடங்க மனிசி ஓடிவந்தா.

“இஞ்சேருங்கோ, ஈர உடுப்பு வாளியில கிடக்கு. நான் எதில போடுறது?”

“தங்கூசியில போடும்” என்றேன்.

அவ என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கொக்கியடியில் போய்க் குந்தினா. வலது பக்கம் பிடித்து வளைத்து அடையாளம் வைத்தேன். இடது பக்கம் கொண்டுபோனேன். எட்டவில்லை. இழுத்தேன். கம்பி இழுபடுமா? ஒரு விரல் மொத்தத்துக்கு எட்டாமல் அப்படியே நின்றது. இடது பக்க அச்சு ஒரு விரல் பின்னுக்குப் போயிருக்கிறது. கடற்கரை மணலில் கண்ட ஒரு சாணுக்கு இந்த ஒரு விரல்தான் காரணம்.

“ஆண்டவரே, தோத்திரம்” என்று நான் சொன்னதைக் கேட்டு, பிழை அகப்பட்டதற்கு ஒரு மனிசன் இவ்வளவு சந்தோஷப்படுவாரா என்றா அவ.

விடிந்ததும் கம்பிச் சுருளையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு கிண்ணியாவுக்கு விட்டேன். போன வருஷம் எனக்கு இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங் போட்டுத் தந்தவர் அங்கேதான் பட்டறை வைத்திருக்கிறார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை நானா என்பேன். அவர் என்னை அண்ணன் என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று இன்றுவரை நாங்கள் விசாரித்ததில்லை. ஒரு விரல் என்றதும் அவர் தன்னுடைய உருக்கு நாடாவை எடுத்து மறுபடி அளந்தார். சரி, ஒரு விரல்தான். கீழே படுத்துப் பார்த்து, போல்ட் எல்லாம் இறுக்கமாகத்தானே நிற்கிறது, பிறகு எப்படி அச்சு வழுக்கியது என்று தனக்குத்தானே கதைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதை நானும் அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். ஸ்பிரிங் தட்டுகளை நடுவில் ஓர் ஆணி கோத்துப் பிடித்திருக்கும். அந்த ஆணியின் தலை அடித்தட்டுக்குக் கீழே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அச்சின்மேல் அதற்கென்று ஒரு குழி உண்டு. தலை அந்தக் குழிக்குள் இறங்கி இருந்தால் எத்தனை குலுக்குக் குலுக்கினாலும் அச்சு முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் போகாது. யூ போல்ட்டுகள் இறுக்கத்தான் செய்யும். இடத்தைப் பிடித்து வைப்பது அந்தத் தலையும் குழியும்தான்.

துருப்பிடித்த யூ போல்ட்டுகளை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஜாக்கியை ஏற்ற, இடது பக்க ஸ்பிரிங் அச்சை விட்டு எழும்பியது. நானா விரலை விட்டுக் குழியைத் தடவினார். ஏதோ கிடக்கிறது என்றார். ஸ்க்ரூ ட்ரைவரால் நெம்பி எடுத்து, துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். மாதா பதக்கம். சின்ன முட்டை வடிவம், நடுவில் ஆணித்தலை அழுத்தி ஒரு கிண்ணம்போலக் குழிந்திருந்தது.

“அண்ணன், இது நான் வச்சது” என்றார் நானா.

போன வருஷம் வேலை நடந்த அன்று மனிசியும் என்னோடு வந்திருந்தா. நான் நட் வாங்கப் போன நேரத்தில், கோயிலில் சுவாமி மந்திரித்த இந்தப் பதக்கத்தை அவரிடம் கொடுத்து, ஒருவரும் கழற்றி எடுக்க ஏலாத இடமாகப் பார்த்து வண்டிக்குள் வைத்துவிடச் சொல்லியிருக்கிறா. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது மூலையில் ஒரு காசும் பதக்கமும் வைப்பார்கள். அதையே அவ வண்டிக்கும் செய்யப் பார்த்திருக்கிறா. அந்தக் கிழமைதான் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் லொறி கவிழ்ந்து செத்திருந்தார். என்னிடம் சொல்லாததற்குக் காரணம், பயப்படுகிறா என்று நான் நினைத்துவிடக் கூடாது என்பதாம். அந்தக் காரணம் மட்டும் பிறகு அவ சொல்லித்தான் தெரிந்தது.

“அவ கண் கலங்கித் தந்தவ” என்றார் நானா. “எங்கட மார்க்கம் வேற. ஆனா ஒராள் நம்பித் தந்தத சும்மா ஒரு மூலைக்குள்ள செருகலாமா? வண்டிக்கே நெஞ்சு மாதிரி இடம் இதுதான் எண்டு பாத்து வச்சன். ஆணித்தல இறங்காம நிக்கும் எண்டு எனக்கு யோசன போகல்ல.”

தொழில் தெரியாதவர் என்றால் சட்டத்தில் எங்காவது ஒட்டியிருப்பார், ஒன்றும் நடந்திராது. தெரிந்தவர், அதிலும் மரியாதை தெரிந்தவர் என்றபடியால்தான் அது அந்தக் குழிக்குள் போனது. எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இதை மனிசியிடம் எப்படிச் சொல்வது? தன்னுடைய செபமே என் வண்டியைக் கோணலாக்கியது என்று அவ நினைத்துவிட்டால் அந்த மனம் என்ன பாடுபடும்? நானாவும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். ஸ்பிரிங் பழுது என்று மட்டும் சொல்லுங்க அண்ணன் என்றார்.

வேலையைத் தொடங்கினோம். குழியைச் சுரண்டித் துடைத்தோம். புது நடு ஆணி, புது யூ போல்ட். ஸ்பிரிங்கை இறக்கும்போது ஆணித்தலை குழிக்குள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. சின்னதாக ஒரு ‘டொக்’. உருக்கு நாடாவால் இரண்டு பக்கமும் அளந்தோம். ஒன்று. வலப்பக்கத்தையும் திறந்து பார்த்துப் புதுப் போல்ட்டே போட்டோம். நட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். முடிந்ததும் வானத்தைப் பார்த்தேன். தெற்கே கறுத்திருந்தது. வீட்டுக்குப் போகவில்லை, நேரே இலங்கைத்துறைக்குப் போகிறேன் என்றேன்.

“புதுப் போல்ட் ஒரு ஓட்டம் ஓடினாத்தான் குந்தும். வழியில திரும்ப இறுக்கோணும். இல்லாட்டி பழைய கததான்” என்றவர், ஸ்பனரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். “வச்சவன் நான். நேராப் போகுதா எண்டு நானே பாக்கோணும்.”

மூதூரைத் தாண்டியதும் மனிசி எடுத்தா. போன் ஸ்பீக்கரில் கிடந்தது. நேரே தங்கச்சியிடம் போகிறோம் என்றேன். என்ன பிழையாம் என்று கேட்டா. நானா வெளியே வயலைப் பார்த்தார். ஸ்பிரிங்குக்குக் கீழே ஏதோ ஒரு சாமான் கிடந்து ஆணியை இறங்க விடவில்லை என்றேன்.

“என்ட பதக்கமே?” என்றா.

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்றேன். நானா போனுக்குக் கிட்டக் குனிந்து அவவிடம், “தங்கச்சி, பிழை என்ட” என்று தொடங்கினார். அவ விடவில்லை.

“ஆரிலயும் பிழை இல்ல. மாதாவ ஸ்பிரிங்குக்குக் கீழ போட்டு நசுக்கினா, அவவுக்கு ரோட்டுத் தெரியுமே? தெரியிற இடத்தில வச்சுக்கொண்டு போங்கோ.”

நானா சட்டைப் பையிலிருந்து பதக்கத்தை எடுத்து, துடைத்து, முன்கண்ணாடியடியில் வைத்தார். புடைத்த பக்கம் கீழே இருந்தபடியால் குலுங்கும்போது அது ஆடியது. விழாமல் இருக்க, சாக்கிலிருந்து ஒரு நூலை இழுத்துக் கட்டியும் விட்டார்.

வழியில் அவருக்குத் தொழுகை நேரம் வந்தது. பள்ளிவாசலடியில் நிறுத்தினேன். அவர் உள்ளே போக, நான் ஸ்பனரோடு ட்ரெய்லரின் கீழே படுத்தேன். அவர் சொன்னது சரி. ஒவ்வொரு நட்டும் இன்னும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியது. ஒரு நட்டுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே என்று சொல்லிச் சொல்லி முறுக்கினேன். உள்ளே அவர் தொழுதார், வெளியே மல்லாந்து கிடந்து நான் செபித்தேன். எங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆட்டோக்காரருக்கு என்ன தோன்றியதோ தெரியாது.

இலங்கைத்துறையில் கடல் சத்தம் தூரத்திலேயே கேட்டது. தங்கச்சி பாவாடையைச் சொருகிக்கொண்டு வள்ளத்தடியில் நின்றாள். ஒவ்வொரு அலையும் வந்து பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. தென்னை சரிந்துவிட்டது, ஆனால் கயிறு பிடித்தபடி கிடந்தது. ஊர்ப் பொடியன்கள் வள்ளத்தை நிமிர்த்த, ட்ரெய்லரைப் பின்னுக்கு விட்டுக் கயிறு கொழுவி வின்ச்சைச் சுற்றினேன். பாதி ஏறும்போது ஓர் அலை வந்து எல்லாரையும் இடுப்புவரை நனைத்தது. நானா தனக்கு நீந்தத் தெரியாது என்று அப்போதுதான் சொன்னார். கிண்ணியாவிலே பிறந்து நீச்சல் தெரியாதா என்று ஒருவன் பகிடி பண்ண, இரும்பு மிதக்காது தம்பி, அதோட பழகினவன் நான் என்றார். சிரித்துக்கொண்டே ஒரே தள்ளில் ஏற்றிவிட்டார்கள்.

நாலு சில்லும் பிடிக்க மெல்லக் கரையேறினேன். ஈர மணலைத் தாண்டி மேட்டுக்கு வந்து நிறுத்தினேன். தங்கச்சி உடனே வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவள் வள்ளத்தைப் பார்க்காமல் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தாள். இத்தனை நாளும் போனில் நான் தடத்தைப் பற்றியே கதைத்து அவளுக்கும் அது பழகியிருந்தது.

“அண்ணா, ரெண்டு கோடுதான் கிடக்கு” என்றாள்.

நானா இறங்கிப் போய்ப் பார்த்தார். நான் இறங்கவில்லை. முன்கண்ணாடியடியில் கிடந்த பதக்கத்தைத் தொட்டுச் சிலுவை போட்டேன்.

திரும்பும் வழியில் தண்ணீர் இரண்டு பக்கமும் நிற்கிற அந்த இடத்தில் பஸ் ஒன்று எதிரே வந்தது. ஓரம் எடுத்தேன். வள்ளம் என் பின்னாலேயே, நூல் பிடித்த மாதிரி ஓரம் எடுத்து, என் பின்னாலேயே ரோட்டுக்கு ஏறியது. நானாவைக் கிண்ணியாவில் இறக்கும்போது மழை பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ட்ரெய்லரைக் கொட்டிலுக்குள் விடப் பார்த்தால் இடமில்லை. மழைக்காக மனிசி உள்ளே கொடி கட்டி உடுப்பெல்லாம் போட்டிருந்தா. கம்பியைத்தான் நான் கொண்டுபோய்விட்டேனே, நான் சொன்னபடியே தங்கூசியில் கட்டியிருந்தா. ஈரம் ஏறின சேலையும் சறமும் அந்த நூலை இழுத்து இழுத்து நிலத்தில் தொட்டுக்கொண்டு கிடந்தன.

“இதை முதல் நாளே இப்பிடிக் கட்டியிருந்தா, உங்களுக்கு அண்டைக்கே விளங்கியிருக்கும்” என்றா அவ.

நான் ஜீப்பிலிருந்து கம்பிச் சுருளை எடுத்துக் கொடுத்தேன். அவ உடுப்பைப் பொறுக்கி எடுக்க, நான் வள்ளத்தைப் பின்னுக்கு விட்டேன்.